துதி நின்ற மூன்று நாளில் அம்மா போய்விட்டார்: குற்றம் என்னுடையதா?

வடசென்னையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 44. காசிமேடு பக்கம் ஹவுசிங் போர்டு வீடு. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இவர் விடியற்காலையில் துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் விற்கிறார். மகள் கல்லூரியில், மகன் பத்தாம் வகுப்பில். பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோழியோடு ஜெபக்கூட்டத்துக்குப் போனவர், அந்தச் சபையிலேயே நிலைத்துவிட்டார். கணவர் இன்றும் மாதா கோயிலுக்குத்தான் போகிறார். அதில் பெரிய சண்டை ஒன்றும் இருந்ததில்லை.

சபையில் ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகம் கொடுத்தார்கள். ஆண்டவரைத் துதிக்கும் ஆயிரம் சிறு வரிகள் கொண்டது அது. தினமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஆராதனை இசையை ஓடவிட்டு, ஆயிரத்தையும் வாய்விட்டுச் சொல்லி முடித்துத்தான் ஏலத்துக்குக் கிளம்புவார். முதல் ஆண்டு மனம் லேசாக இருந்தது. சீட்டுப் பணம் கைக்கு வந்தது, மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எல்லாம் துதியின் பலன் என்று சாட்சி சொன்னார்.

இந்த ஜனவரியில் அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அரசு மருத்துவமனையில் மூன்று நாள் இரவும் பகலும் இவர்தான் கூட இருந்தார். அந்த மூன்று நாளும் புத்தகத்தைத் தொடவில்லை. நான்காம் நாள் அம்மா இறந்துபோனார். காசிமேடு கல்லறையில் அடக்கம் நடந்தபோது சபை சகோதரிகள் சுற்றி நின்று, "அழக்கூடாது சிஸ்டர், துதிங்க. விசுவாசி அழுதா சாட்சி கெட்டுடும்" என்றார்கள். இவர் அழவில்லை. பிறகு ஒருவர் தனியாக அழைத்துச் சொன்னது இது: "துதி நின்ன இடத்துலதான் சத்துரு நுழைவான்." சாத்தானைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

அன்றிலிருந்து ஒருநாளும் விடாமல் ஆயிரம் சொல்கிறார். நாக்கு சொல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. தூக்கம் மூன்று மணி நேரம். சோறு இறங்குவதில்லை. கீழ்வீட்டுக்காரர் சத்தத்தைப் பற்றி இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கணவரும் வீட்டில். அவர் ஒருநாள் ஸ்பீக்கரைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டார். மகள் சொன்னாளாம்: "ஆயா போனதுல இருந்து நீ எங்ககூட பேசவே இல்லம்மா. கடவுள்கிட்டதான் பேசுற."

அவர் கேட்பவை: மூன்று நாள் விட்டதால்தான் அம்மா போய்விட்டாரா? மனமில்லாமல் துதிப்பது மாய்மாலமா? எண்ணிக்கையைக் குறைத்தால் ஆசீர்வாதம் போய்விடுமா? வீட்டாரை எப்படிச் சேர்த்துக்கொள்வது? கணவர் சொல்லும் ஜெபமாலை துதிக் கணக்கில் வருமா? கடிதத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதிய ஒரு வரியும் உண்டு: "சில நேரம் அம்மாவோடவே நானும் போயிருக்கலாம்னு தோணுது."

அன்புள்ள சகோதரி,

அந்த ஓரத்து வரியிலிருந்தே தொடங்குகிறேன். நெருங்கியவரை இழந்த பலருக்கும் இப்படித் தோன்றுவது உண்டு. ஆனால் நான்கு மாதமாகத் தூக்கமும் சாப்பாடும் குறைந்து, அழுகையும் வராமல், அதோடு இந்த நினைப்பும் சேர்ந்தால், அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. இதைப் படித்த அன்றே கணவரிடமோ மகளிடமோ அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை. உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. "எனக்குத் தூக்கமில்லை, சாகலாம் போல நினைப்பு வருகிறது" என்று மறைக்காமல் சொல்லுங்கள். நம் பக்கத்தில் மனநல டாக்டர் என்றாலே கீழ்ப்பாக்கம் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்து கெட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பைபிளில் வரும் தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைப் பார்த்தவர். அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். ஆண்டவர் அவரைக் கண்டிக்கவில்லை. "துதி" என்றும் கட்டளையிடவில்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. உங்களுக்கும் அந்த வரிசைதான் வேண்டும்.

அந்த மூன்று நாள்

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. நீங்கள் துதிக்காததால் அம்மா இறக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் உடைந்து ரத்தம் கசிந்தது, அதனால் இறந்தார். சேர்த்த அன்றே டாக்டர்கள் நிலைமை மோசம் என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று காலைகூட நீங்கள் ஆயிரமும் சொல்லி முடித்துத்தான் ஏலத்துக்குப் போனீர்கள். உங்கள் கடிதத்தை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். பக்கவாதம் வந்தது துதித்த நாளில்.

அந்த மூன்று நாளில் என்ன செய்தீர்கள் என்று இரண்டே வரியில் எழுதிவிட்டு, "துதியை விட்டுவிட்டேன்" என்று ஒரு பக்கம் அழுதிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிதான் என் கண்ணில் நிற்கிறது. அம்மாவின் வாயோரம் வழிந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். முதுகு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தீர்கள். இரவில் கட்டிலுக்கடியில் பாய் விரித்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே படுத்தீர்கள்.

உங்கள் புத்தகத்தின் அட்டையில் எபிரெயர் 13:15 அச்சாகியிருக்கும்: அவருடைய நாமத்தைத் துதிக்கும் உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி. பைபிளைத் திறந்து அதற்கு அடுத்த வசனத்தையும் படியுங்கள். "அன்றியும் நன்மைசெய்யவும், தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார்." இரண்டும் பலி. ஒன்று உதட்டால், ஒன்று கையால். அந்த மூன்று நாளும் நீங்கள் பலி செலுத்துவதை நிறுத்தவே இல்லை. உதட்டிலிருந்து கைக்கு மாறியது, அவ்வளவுதான். அட்டையில் பதினைந்தாம் வசனத்தைப் போடுகிறவர்கள் பதினாறையும் சேர்த்துப் போட்டால் பலருடைய மனச்சாட்சி பிழைக்கும்.

நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இன்னொன்றும் சொல்கிறேன். நம் தெருவில் தண்டல் கடன் வாங்கியவர்கள் தினப்பணம் ஒருநாள் தவறினாலும் எப்படி நடுங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆண்டவரையும் நீங்கள் அப்படி வாசலில் வந்து நிற்கிற ஆளாக நினைத்துவிட்டீர்கள். கட்டினால் விட்டுவிடுவார், தவறினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று. இந்தப் பயம் உங்களுக்குள் தானாக முளைத்ததல்ல. "துதி நின்ன இடத்துலதான் சத்துரு நுழைவான்" என்று சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அடக்கம் முடிந்த வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவர் ஊழியக்காரராக இருந்தாலும் சரி.

அழுகை துதிக்கு எதிரி அல்ல

இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே விட்டார். அவருடைய சாட்சி கெடவில்லை. "இதோ, இவன்மேல் எவ்வளவு அன்பாயிருக்கிறார்" என்றுதான் சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். காசிமேடு கல்லறையில் நீங்கள் அழுதிருந்தால் உங்களையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆராதனையில் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் உண்டு: இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவன். பைபிளின் பாடல் புத்தகமான சங்கீதத்தில் அது எத்தனையாவது? 22. அதன் மூன்றாம் வசனம். முதல் வசனம் என்ன தெரியுமா? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இயேசு சிலுவையில் சொன்ன அதே கதறல். துதிகளுக்குள் வாசம்பண்ணுகிறவர் என்று சொன்ன வாயும், ஏன் கைவிட்டீர் என்று கேட்ட வாயும் ஒரே வாய். நடுவில் ஒரே ஒரு வசனம்தான். நாம் மூன்றை எடுத்துக்கொண்டு முதலை விட்டுவிட்டோம்.

மொத்தம் 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இப்படிப்பட்ட முறையீடுகள்தான். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. 88ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடியவில்லை. ஆறுதல் ஒன்றும் இல்லாமலே நின்றுவிடுகிறது. ஆனாலும் அதுவும் வேதத்தில் இருக்கிறது, ஆலயத்தில் பாடப்பட்டது. யோபு முதல் அதிகாரத்தில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஸ்தோத்திரம் சொன்னார். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபித்தார். முதல் அதிகாரம் நம் சாவு வீடுகளில் எப்போதும் கேட்கிறது. மூன்றாம் அதிகாரத்தை அங்கே யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

உங்கள் துதி வறண்டுபோனதற்கு நான் காணும் காரணம் இதுதான். நீங்கள் அழாமல் அடக்கியதை ஆண்டவரிடமிருந்தும் மறைக்கிறீர்கள். மறைத்துக்கொண்டே துதித்தால் நாக்கு மட்டும்தான் அசையும். முதலில் உள்ளதைச் சொல்லுங்கள். "அம்மாவை எடுத்துக்கிட்டீங்க, எனக்குக் கோவமா இருக்கு, என்னால ஏத்துக்க முடியல" என்று உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். ஆபகூக் தீர்க்கதரிசி எப்படித் துதித்தார் என்று பாருங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சச்செடியில் பழம் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று போனதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணிவிட்டுத்தான், ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். நீங்கள் அந்தக் கணக்கைச் சொல்லாமலே "ஆனாலும்" என்ற இடத்துக்குத் தாவப் பார்க்கிறீர்கள்.

மனமில்லாத துதி மாய்மாலமா?

மாய்மாலம் என்பது பிறர் பார்க்க வேடம் போடுவது. இரவு இரண்டு மணிக்கு இருட்டில் உட்கார்ந்து வறண்ட நாக்கோடு ஸ்தோத்திரம் சொல்கிறவர் யாருக்கு வேடம் போடுகிறார்? 42ஆம் சங்கீதத்தில் தாகத்தோடு இருக்கிறவர் தன் ஆத்துமாவிடமே பேசுகிறார்: ஏன் கலங்குகிறாய், தேவனை நோக்கிக் காத்திரு, "நான் இன்னும் அவரைத் துதிப்பேன்." இப்போது முடியவில்லை, இனிமேல் துதிப்பேன் என்பதும் துதிதான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். "ஆண்டவரே, நீர் நல்லவர்" என்பது அவரைப் பற்றிய உண்மை. உங்கள் மனம் எப்படி இருந்தாலும் அதைச் சொல்லலாம். "நான் சந்தோஷமா இருக்கேன், எனக்கு ஒரு குறையுமில்ல" என்பது உங்களைப் பற்றிய பொய். அதைத் தினமும் சொல்லச் சொல்ல உள்ளே ஏதோ மரத்துப்போகும். உங்களுக்கு மரத்துப்போயிருப்பது அந்த இடமாக இருக்கலாம்.

எண்ணிக்கையும் பழக்கமும்

ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்வது தவறு என்று நான் சொல்லமாட்டேன். எழுதப் படிக்க அதிகம் தெரியாத பல தாய்மாருக்கு ஆண்டவரின் குணங்களை மனப்பாடமாக்கிக் கொடுத்தது அந்தப் புத்தகம். ஆனால் அதிக வசனிப்பினால் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை உங்களுக்கு உதவி. ஆண்டவருக்கு அது தேவையில்லை. குறைத்தால் ஆசீர்வாதம் போகாது.

தானியேலைப் பாருங்கள். ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டக்கூடாது என்ற கட்டளை வந்த பிறகும் அவர் மேல்வீட்டு அறைக்குப் போய், "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினார் என்று இருக்கிறது. ஆபத்துக்காக அவர் புதிதாக ஒன்றையும் கூட்டவில்லை, எண்ணிக்கையை ஏற்றவில்லை. 119ஆம் சங்கீதக்காரர் ஒருநாளில் ஏழுதரம் துதிக்கிறேன் என்கிறார். இரண்டு பேரும் துதியை நாள் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு மிச்ச நாளை வெறுமையாக விடவில்லை.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் போணி ஆனதும் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று உங்களை அறியாமலே சொல்லிவிடுவீர்களாம். "அதெல்லாம் கணக்குல சேராது இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சகோதரி, உங்கள் நாளில் உயிரோடு இருக்கிற துதி அது ஒன்றுதான்! யாரும் சொல்லிக்கொடுக்காமல், புத்தகம் பார்க்காமல், எண்ணாமல் வருகிறது. அதை அஸ்திவாரமாக வைத்துக் கட்டுங்கள்.

நான் சொல்லும் ஏற்பாடு இது. டாக்டர் வேறு சொல்லும்வரை இரவு இரண்டு மணிக்கு எழுவதை நிறுத்துங்கள். ஏலத்துக்குக் கிளம்பும் நேரத்துக்கு எழுந்தால் போதும். எழுந்ததும் புத்தகத்திலிருந்து பத்து ஸ்தோத்திரம், நிதானமாக, ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு நின்று. பிறகு போணி. பிறகு கூடை காலியானதும் ஒன்று, காலியாகாத நாளில் "இன்னைக்கு இவ்ளோதான் ஆண்டவரே" என்று ஒன்று. தடைக்காலம் ஜூன் 14 வரை. மீன் வரத்து குறைந்து விலை ஏறிக்கிடக்கும் இந்த நாட்களில் அந்த இரண்டாவதுதான் அதிகம் வரும், பரவாயில்லை. இரவில் படுக்குமுன் 13ஆம் சங்கீதம், முழுதாக, முதல் வசனத்திலிருந்து. அழுகை வந்தால் நிறுத்திவிட்டு அழுங்கள். ஒருநாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் சொல்லி ஈடுகட்டாதீர்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். ஈடுகட்டத் தொடங்கினால் பழைய பயம் திரும்பி வந்துவிடும்.

ஸ்பீக்கரும் கீழ்வீடும்

கீழ்வீட்டுக்காரர் வந்து கேட்டதை உங்கள் சபையில் "உபத்திரவம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உபத்திரவம் அல்ல. ஹவுசிங் போர்டு வீட்டில் மேலே மிக்ஸி ஓடினால் கீழே காது அடைக்கும். இரவு இரண்டு மணிக்கு ஸ்பீக்கர் என்றால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு தருகிறது. வீட்டில் ஜெபிக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அந்த உரிமை பொது ஒழுங்குக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் அப்போது 45 டெசிபல்தான் எல்லை, பகலில் 55. அதே 2000இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பும் சொன்னது. வழக்கு நம் பக்கத்திலிருந்தே போனது: மாதவரம் நெடுஞ்சாலை கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்தது. பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வைத்து, மேளம் அடித்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். புகார் போலீஸுக்குப் போனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

கணவர் ஸ்பீக்கரை பீரோ மேல் வைத்தது கோபத்தில் செய்த காரியம், அது சரியல்ல. ஆனால் அது அங்கேயே இருக்கட்டும். அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. அந்த ஜெபம் கேட்கப்பட்டது. ஒரு கிலோ மீன் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய், "இனிமே சத்தம் வராதுண்ணா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சபையை விடவேண்டுமா?

நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, வரிகளுக்கிடையில் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துக்கத்தில் அவசரப்பட்டு விடாதீர்கள். அங்கே உங்களுக்குத் தோழிகள் இருக்கிறார்கள். அடக்கத்தன்று நாற்பது பேருக்குச் சாப்பாடு கொண்டுவந்ததும் அவர்கள்தான். பாஸ்டரிடம் தனியாகப் போய், "துதி விட்டதால அம்மா செத்தாங்கன்னு எனக்குச் சொன்னாங்க, அது வேதமா?" என்று அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். அவர் "இல்லை" என்று தெளிவாகச் சொன்னால் அங்கேயே இருங்கள். "ஆமாம்" என்றால், அல்லது மருத்துவமனைக்குப் போகவேண்டாம் என்றால், அப்போது வேறு இடம் பாருங்கள். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

பவுலையும் சீலாவையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள்: சிறையில் நடுராத்திரியில் துதித்தார்கள், கட்டுகள் கழன்றன, எனக்கு ஏன் கழலவில்லை என்று. அவர்கள் கதவு திறப்பதற்காகத் துதித்ததாக அங்கே எழுதவில்லை. திறந்த பிறகு ஓடவும் இல்லை. அதே பவுல் பின்னால் வேறு சிறையிலிருந்துதான் பிலிப்பியருக்கு நிருபம் எழுதினார். அந்த இரவில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கதவு திறந்ததைக் கண்டு சிறைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னைக் கொல்லப் போகிறான். பவுல் துதியை விட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சத்தமிடுகிறார்: "நீ உனக்குக் கெடுதி ஒன்றுஞ் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்." இதை உங்களுக்கும் சொல்லவேண்டியே எழுதுகிறேன்.

மகளும் கணவரும்

மகள் உங்கள் துதியை எதிர்க்கவில்லை. ஆயாவை அவளும் இழந்திருக்கிறாள். அந்தத் துக்கத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு வீட்டில் இடமில்லை. குடும்ப ஜெபத்துக்கு வா என்று கூப்பிடுவதற்கு முன் ஒருநாள் மாலை அவளோடு உட்கார்ந்து ஆயாவைப் பற்றிப் பேசுங்கள். ஆயா எப்படிச் சிரிப்பார், எந்தக் குழம்பை யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்தார், எதற்கெல்லாம் திட்டுவார். கர்த்தர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே என்கிறது 103ஆம் சங்கீதம். அம்மாவும் அவர் கொடுத்த உபகாரம்தானே? பேசி முடித்து, "இவங்களை எங்களுக்குக் கொடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னால், அவள் ஆமென் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அதில் சேர்ந்துவிடுவாள். மகனை இப்போது வற்புறுத்தவேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

கணவரின் ஜெபமாலை துதியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக உருட்டி முடிக்கும் ஒவ்வொரு முறையும் பிதாவுக்கும் சுதனுக்கும் தூய ஆவிக்கும் மகிமை செலுத்தும் ஜெபம் வருகிறது. சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து நீங்களும் சொன்னதுதான். மரியாளைப் பற்றி உங்கள் சபைக்கும் அவர் கோயிலுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கே தீர்க்கமுடியாது, நீங்களும் படுக்கையறையில் தீர்க்கவேண்டாம். அந்த மகிமை ஜெபத்தில் இரண்டு பேருக்கும் வேறுபாடு இல்லை. தடைக்காலம் முடிந்து அவர் கடலுக்குப் போவதற்குள் ஓர் இரவு, அவர் மாலை சொல்லும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்த இடம் வரும்போது மட்டும் நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். ஸ்டான்லிக்கும் அவரையே துணைக்குக் கூப்பிடுங்கள். திங்கட்கிழமை காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.